ஓட்டத் தெரியாதவன் முன்சீட்டில் என்ன செய்யணும்?

#1 ஜன்னலோரம்
வணக்கம் மக்களே. வெட்கத்தை விட்டுச் சொல்றேன். வயசு 43, கார் ஓட்டத் தெரியாது. ரெண்டு தடவை கத்துக்கப் போனேன், ரெண்டு தடவையும் கிளட்ச்சுக்கும் எனக்கும் ஒத்துப்போகலை. வீட்டம்மா பிரமாதமா ஓட்டுவாங்க. போன பயணத்துல ஆறு மணி நேரம் ஓட்டிட்டு இறங்கி, கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. நான் நல்லா தூங்கி எழுந்து கொட்டாவி விட்டேன். அப்ப அவங்க பார்த்த பார்வை இன்னும் கண்ணுலயே நிக்குது.

அடுத்த வாரம் ஒன்பது மணி நேரப் பயணம். முன்சீட்ல மூட்டை மாதிரி உட்கார்ந்து வராம, உருப்படியா என்ன செய்யலாம்? ஓட்டக் கத்துக்கோன்னு மட்டும் சொல்லாதீங்க. அதை வீட்டுலயே நிறையக் கேட்டாச்சு.

#2 நாலாவதுகியர்
இருபது வருஷமா ஓட்டுறவன் சொல்றேன், ஒரே ஒரு உதவி போதும். இல்லாத பிரேக்கைக் காலால மிதிக்காதீங்க. லாரி எதிர்ல வந்தா "ஸ்ஸ்ஸ்"னு மூச்சை இழுக்காதீங்க. என் மாமனார் முன்சீட்ல உட்கார்ந்தா நான் ரெண்டு வண்டி ஓட்டுற மாதிரி இருக்கும். ஒண்ணு என் வண்டி, இன்னொண்ணு அவர் மனசுல ஓடுற வண்டி.

#3 வாந்திப்பை
பெயரைப் பார்த்தாலே தெரிஞ்சிருக்கும், நான் இந்த விஷயத்துல நிபுணன். எனக்கெல்லாம் முன்சீட்டே வரம். பின்சீட்ல போனைப் பார்த்துக்கிட்டு ரெண்டு வளைவு திரும்பினா போதும், கதை முடிஞ்சுது.

காரணம் ரொம்ப எளிசு. உள்காது "நாம நகர்றோம், திரும்புறோம்"னு சொல்லுது. போன் திரையைப் பார்க்கிற கண்ணு "எதுவும் நகரலையே"ன்னு சொல்லுது. இந்தச் சண்டையில அடி வாங்குறது வயிறு. ஓட்டுறவங்களுக்கு இது அனேகமா வராது, ஏன்னா அடுத்த திருப்பம் எப்பன்னு அவங்க மூளைக்கு முன்கூட்டியே தெரியும். அதனால முன்சீட்ல உட்கார்ந்து தூரத்துல அடிவானத்தைப் பாருங்க. கூகுள் மேப்பைத் தொடர்ந்து பார்த்துக்கிட்டு வழி சொல்ற வேலையை மட்டும் ஏத்துக்காதீங்க. நான் ஏத்துக்கிட்டேன். அப்புறம் சீட் கவரை மாத்த வேண்டியதாப் போச்சு.

#4 பட்டறைக்காரன்
ஜன்னலோரம் தம்பி, ஓட்டத் தெரியலைன்னு ஏன் தலைகுனியணும்? வண்டியில இன்னைக்கு நாம சாதாரணமா பயன்படுத்துற சில சாமான்களைக் கண்டுபிடிச்சதே பக்கத்துல உட்கார்ந்து வந்தவங்கதான்.

கண்ணாடி துடைக்கிற வைப்பரை எடுத்துக்குங்க. அமெரிக்காவுல மேரி ஆண்டர்சன்னு ஒரு பெண்மணி, நியூயார்க்ல பனிக்காலத்துல டிராம் வண்டியில பயணியாப் போறாங்க. முன்கண்ணாடியில ஈரப்பனி விழுந்து மறைக்க, ஓட்டுறவர் கண்ணாடியைத் திறந்து வெச்சுக்கிட்டு நடுங்கிக்கிட்டே ஓட்டுறார். உள்ள இருந்தபடியே கைப்பிடியைத் திருப்பித் துடைக்கிற மாதிரி ஒரு கருவிக்கு 1903-ல காப்புரிமை வாங்கினாங்க. 1905-ல ஒரு கனடா நிறுவனத்துக்கு விற்கப் பார்த்தாங்க, "இதுல வியாபார மதிப்பு ஒண்ணுமில்லை"ன்னு கையை விரிச்சுட்டாங்க. காப்புரிமைக் காலம் முடிஞ்ச பிறகு ஊர்பட்ட வண்டியில வைப்பர் வந்துச்சு. அந்தம்மாவுக்கு ஒரு காசு கிடைக்கலை.

அடுத்தது க்ரூஸ் கன்ட்ரோல். அதைக் கண்டுபிடிச்ச ரால்ஃப் டீட்டருக்குக் கண் தெரியாது. அஞ்சு வயசுல நடந்த விபத்துல பார்வை போச்சு. பொறியாளரா வளர்ந்து கம்பெனியே நடத்தினவர். அவருடைய வக்கீலோட கார்ல போறப்ப ஒண்ணைக் கவனிச்சார். வக்கீல் பேசுறப்ப வண்டி மெதுவாகும், கேட்கிறப்ப வேகமாகும். கண்ணு தெரியாதவருக்கு அந்தக் குலுக்கல் எல்லாம் உடம்புலதான் படும். எரிச்சலாகி, வேகத்தை ஒரே சீரா வைக்கிற கருவியை உருவாக்கி 1950-ல காப்புரிமை வாங்கினார். 1958-ல கிரைஸ்லர் வண்டிகள்ல வந்துச்சு.

கண்ணு தெரியாத மனுஷன் செஞ்சதைத்தான் ஹைவேயில பட்டனை அமுக்கிட்டுக் காலை நீட்டுறவங்க எல்லாம் அனுபவிக்கிறாங்க.

#5 நாலாவதுகியர்
வக்கீல் கதை அருமை அண்ணே. ஆனா அதுல ஓட்டுறவன் பக்கத்து நியாயமும் இருக்கு பாருங்க. பக்கத்துல இருக்கிறவர் பேசிக்கிட்டே வந்ததாலதானே வண்டி அப்படிப் போச்சு? பேச்சுதான் பிரச்சினை.

#6 ஜன்னலோரம்
அப்போ பேசாம வரணுமா? ஒன்பது மணி நேரமா?

#7 பேசாமடந்தை
பெயருக்குப் பொருத்தமில்லாமல் பேசுகிறேன், மன்னிக்கவும். இதில் ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. ஓட்டுநர் போனில் பேசுவதும் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதும் ஒன்றல்ல. பக்கத்தில் இருப்பவரும் அதே சாலையைப் பார்க்கிறார். நெரிசல் வந்தால் தானாகவே வாயை மூடுகிறார், அல்லது "அந்த பைக்கைப் பார்" என்று பேச்சைச் சாலைக்குத் திருப்புகிறார். போனில் இருப்பவருக்கு நீங்கள் எந்த வளைவில் இருக்கிறீர்கள் என்று தெரியாது, அவர் பாட்டுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். ப்ளூடூத்தில் கை வைக்காமல் பேசினாலும் இந்தச் சிக்கல் தீராது.

ஆகவே பேசுங்கள். எப்போது நிறுத்துவது என்று தெரிந்து பேசுங்கள். என் கணவருக்கு அது தெரியாது. ஒவ்வொரு டோல்கேட்டிலும் சரியாக நான் சில்லறை எண்ணும்போதுதான் அவருக்கு வாழ்க்கையைப் பற்றிய சந்தேகங்கள் வரும்.

#8 சக்கரக்கட்டி
முன்சீட் ஆளுங்களோட குலதெய்வம் யார் தெரியுமா? டெனிஸ் ஜென்கின்சன்!

1955 மே 1. இத்தாலியில மில்லே மில்லியா பந்தயம். பிரெஷியாவுல கிளம்பி ரோம் வரைக்கும் போய்த் திரும்பணும், கிட்டத்தட்ட 1,600 கிலோமீட்டர், அதுவும் சாதாரண ஊர் ரோட்டுல. ஓட்டுறவர் ஸ்டிர்லிங் மாஸ், வயசு 25. பக்கத்துல தாடி வெச்ச பத்திரிகைக்காரர் ஜென்கின்சன். வண்டி மெர்சிடிஸ், எண் 722. காலைல 7.22-க்குக் கிளம்பினதால அந்த எண்.

ரெண்டு பேரும் முன்னாடியே பாதையில போய்ப் பார்த்து, எந்த வளைவு எப்படி, எந்த மேட்டைத் தாண்டினா ரோடு நேராப் போகும்னு எல்லாத்தையும் குறிச்சு வெச்சாங்க. அந்தக் குறிப்பு 18 அடி நீளக் காகிதம். அதை ஒரு பெட்டிக்குள்ள உருளையில சுத்தி, சின்ன ஜன்னல் வழியாப் படிக்கிற மாதிரி ஏற்பாடு. மேல மூடாத வண்டி, சத்தத்துல பேச்சு கேட்காது, அதனால எல்லாமே கை ஜாடைதான். கண்ணுக்குத் தெரியாத மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியாமலே, இவர் கையை நம்பி மாஸ் முழு வேகத்துல பறந்தார். 10 மணி 7 நிமிஷம் 48 விநாடியில முடிச்சு ஜெயிச்சாங்க. சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டருக்கு மேல.

@வாந்திப்பை, உங்களுக்காக ஒரு தகவல். நடுவழியில ஜென்கின்சனுக்குக் குமட்டி, வெளிய தலையை நீட்டினப்ப காத்துல மூக்குக்கண்ணாடி பறந்து போச்சு. கையோட இன்னொரு கண்ணாடி வெச்சிருந்தார். மாட்டிக்கிட்டு அடுத்த ஜாடை.

#9 வாந்திப்பை
கண்ல தண்ணி வருதுய்யா. இத்தனை நாளா எனக்கு ஒரு முன்னோடி இருந்தது தெரியாமப் போச்சே.

#10 நாலாவதுகியர்
அவர் கடைசிவரைக்கும் "ஸ்ஸ்ஸ்"னு மூச்சு இழுக்கலை பாருங்க. அதைக் கத்துக்குங்க.

#11 சுண்டெலி
சாப்பாட்டைப் பத்தி யாருமே பேசலையே? நான் கார்ல போறதே தின்கிறதுக்குத்தான். முன்சீட் ஆளோட முதல் கடமை ஊட்டிவிடுறது. ஆரஞ்சு உரிச்சு சுளை சுளையாக் கொடுக்கணும், தண்ணி பாட்டில் மூடியைத் திறந்து நீட்டணும். நொறுங்குற பிஸ்கட் கூடாது. கை பிசுபிசுக்கிற எதுவும் கூடாது, ஸ்டீரிங் வழுக்கும். வாசனை தூக்கலா இருக்கிற எதையும் மூடின வண்டிக்குள்ள பிரிக்கிறது கொலைக்குச் சமம்.

அப்புறம் ஒரு கூடுதல் செய்தி. உலகத்தில எந்த ஓட்டல்காரரும் நடுங்குற அந்த மிஷெலின் நட்சத்திரம் இருக்கே, அது ஒரு டயர் கம்பெனி கொடுக்கிறது. 1900-ல பிரான்ஸ்ல அந்தக் கம்பெனியை நடத்தின மிஷெலின் சகோதரர்கள் கார்காரங்களுக்காக ஒரு கையேட்டை இலவசமா அச்சடிச்சுக் கொடுத்தாங்க. எங்க பெட்ரோல் கிடைக்கும், டயரை எப்படி மாத்துறது, எங்க தங்கலாம்னு எல்லாம் அதுல. மக்கள் நிறையப் பயணம் போனா டயர் தேயும், தேஞ்சா புதுசு வாங்குவாங்க. அவ்வளவுதான் சூட்சுமம். 1926-ல நட்சத்திரம் வந்துச்சு. இன்னைக்கும் ரெண்டு நட்சத்திரம்னா சுத்திக்கிட்டுப் போனாலும் தகும்னு அர்த்தம். மூணுன்னா அதுக்குன்னே தனியாக் கிளம்பிப் போகலாம்னு அர்த்தம். தட்டை வெச்சு மதிப்பெண் போடாம தூரத்தை வெச்சுப் போட்டிருக்காங்க. டயர் விற்கிறவன் புத்தி எங்க போகும்!

#12 வாந்திப்பை
சுண்டெலி சொல்றதுல ஒரு திருத்தம். குமட்டல் இருக்கிறவங்க வெறும் வயித்தோடயும் கிளம்பக்கூடாது, வயிறு முட்டவும் தின்னக்கூடாது. எண்ணெய் இல்லாம கொஞ்சமா. எனக்கு இஞ்சி கேட்குது, எல்லாருக்கும் கேட்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். மாத்திரைன்னா கிளம்புறதுக்கு முன்னாடியே போடணும், குமட்ட ஆரம்பிச்ச பிறகு போட்டா பயனில்லை. அந்த மாத்திரைகள்ல பல தூக்கம் வரவைக்கும், அதனால ஓட்டுறவங்க அந்தப் பக்கமே போகக்கூடாது.

#13 ஜன்னலோரம்
குறிச்சுக்கிட்டேன். ஆரஞ்சு உண்டு, பிஸ்கட் கிடையாது. இப்படியே போனா 18 அடிக் காகிதம் தேவைப்படும் போல.

#14 பழைய_ரேடியோ
பெரிய மனுஷங்க பக்கத்து சீட்ல உட்கார்ந்த கதை ஒண்ணு. எலிசபெத் ராணி 1945-ல போர்க்கால மகளிர் படையில சேர்ந்து, வண்டி ஓட்டவும் பழுது பார்க்கவும் முறையாப் பயிற்சி எடுத்தவங்க. ராணியா இருந்த வரைக்கும் பிரிட்டன்ல உரிமம் தேவைப்படாத ஒரே ஆளு அவங்கதான், ஏன்னா உரிமமே அவங்க பேர்லதான் கொடுத்தாங்க.

1998-ல சவுதியோட அப்போதைய பட்டத்து இளவரசர் அப்துல்லா, ஸ்காட்லாந்துல இருக்கிற ராணியோட பால்மோரல் மாளிகைக்கு விருந்தாளியா வந்தார். தோட்டத்தைச் சுத்திப் பார்க்கலாம்னு லேண்ட் ரோவர் வந்து நின்னுச்சு. அவர் முன்சீட்ல ஏறினார். ராணி வந்து ஓட்டுநர் சீட்ல உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிட்டாங்க. சவுதியில அப்ப பெண்கள் கார் ஓட்ட அனுமதி கிடையாது, 2018-லதான் கிடைச்சுது. குறுகலான ஸ்காட்லாந்துப் பாதையில ராணி விடாமப் பேசிக்கிட்டே வேகமா ஓட்ட, இளவரசர் மொழிபெயர்ப்பாளர் மூலமா "மெதுவாப் போகச் சொல்லுங்க, ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்க"ன்னு கெஞ்சினாராம். ரெண்டு பேரும் சொல்லக் கேட்டதா பிரிட்டிஷ் தூதர் ஒருத்தர் எழுதி வெச்சிருக்கார்.

நாலாவதுகியர் தம்பி, "ஸ்ஸ்ஸ்"னு மூச்சு இழுக்கிறது மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே எல்லாருக்கும் புரியும்.

#15 நாலாவதுகியர்
ஹாஹா, சரணடைஞ்சேன். ஆனா பெரிய மனுஷங்கன்னா எனக்குப் பிடிச்சது உருகுவே அதிபரா இருந்த முஹிகா. 1987 மாடல் நீல நிற வோக்ஸ்வேகன் பீட்டில். அதிபரா இருந்தப்பவும் அதேதான். பத்து லட்சம் டாலர் தர்றேன்னு ஒருத்தர் கேட்டும் விற்கலை.

#16 சக்கரக்கட்டி
எளிமையும் ஒரு விளம்பரம்தானே. கேமராவுக்கு முன்னாடி பீட்டில் ஓட்டினா ஓட்டு விழும்.

#17 நாலாவதுகியர்
பதவி முடிஞ்ச பிறகும் அதே வண்டி, அதே பண்ணை வீடு. சாகிற வரைக்கும் நடிக்க முடியுமா? நம்மாளுங்க யாராவது ஒருத்தர்...

#18 மட்டுறுத்துநர்
"நம்மாளுங்க" என்று ஆரம்பித்தால் இந்த இழை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். போன மாதம் டயர் காற்றழுத்தம் பற்றிய இழையைப் பூட்ட வேண்டியதாயிற்று. முன்சீட்டுக்குத் திரும்புங்கள்.

#19 பேசாமடந்தை
திரும்புகிறேன். முன்சீட்டில் இருப்பவர் செய்யக்கூடிய ஆகப்பெரிய உதவி, ஓட்டுகிறவர் முகத்தைப் பார்ப்பது. 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பே அதுதான். மோசம் என்னவென்றால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்குத் தன் நிலை தெரியாது. "இன்னும் அரைமணி நேரம்தான், ஓட்டிடலாம்" என்பார். நானும் சொல்லியிருக்கிறேன். கடைசி பத்து நிமிடப் பாதை எப்படி இருந்தது என்று பிறகு யோசித்தால் ஒன்றுமே நினைவில் இல்லை. அன்று பக்கத்தில் யாரும் இல்லை.

ஆகவே ஐயா, உங்கள் மனைவி கண்ணை அடிக்கடி சிமிட்டினால், சாலைக் கோட்டைத் தொட்டுத் தொட்டு ஓட்டினால், அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டுவதும் தூக்கத்தை விரட்டாது. ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் கண்ணயரச் சொல்லுங்கள். காபி வேலை செய்யவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். அந்த இருபது நிமிடம் நீங்கள் விழித்திருங்கள். அது உங்கள் ஷிஃப்ட்.

#20 ஜன்னலோரம்
அக்கா, இதைப் படிச்சதும் ஒரு நிமிஷம் போனைக் கீழ வெச்சுட்டேன். போன தடவை நான் தூங்கிட்டு வந்தேன்ல, அப்ப அவங்க எப்படி ஓட்டினாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது.

#21 பட்டறைக்காரன்
விடுங்க தம்பி, இனிமே முழிச்சிருப்பீங்க.

பக்கத்துல இருக்கிறவங்க கதைன்னு வந்துட்டா பெர்த்தா பென்ஸைச் சொல்லாம விட்டா பாவம் பிடிக்கும். காரைக் கண்டுபிடிச்சவர்னு ஊர் உலகம் அவங்க புருஷன் கார்ல் பென்ஸைத்தான் கொண்டாடுது. அவர் வண்டியைச் செஞ்சு வெச்சுட்டு, வெளிய எடுத்துப் போகத் தயங்கிக்கிட்டு இருந்தார். 1888 ஆகஸ்ட்ல ஒரு நாள், புருஷன்கிட்டச் சொல்லாம, ரெண்டு பசங்களையும் கூட்டிக்கிட்டு அந்தம்மா மான்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம்ல இருக்கிற தாய் வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க. நூறு கிலோமீட்டருக்கு மேல. அதுவரைக்கும் யாரும் அவ்வளவு தூரம் கார்ல போனதில்லை.

வழியில எரிபொருள் தீர்ந்துச்சு. பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில கறை நீக்குறதுக்கு விற்கிற லிக்ராயின் வாங்கி ஊத்தினாங்க. குழாய் அடைச்சுக்கிட்டப்ப தொப்பி ஊசியால குத்தினாங்க. ஒயர் உரசினப்ப காலுறைப் பட்டியைக் கழட்டிச் சுத்தினாங்க. கட்டை பிரேக் தேஞ்சதும் செருப்புத் தைக்கிறவர்கிட்டத் தோல் வாங்கி அடிக்கச் சொன்னாங்க. இன்னைக்கு என் பட்டறையில மாத்துற பிரேக் லைனிங்குக்கு அதுதான் மூத்த அக்கா. மேட்டுல வண்டி ஏறாம பசங்க தள்ளினாங்க. திரும்பி வந்து புருஷன்கிட்ட "இன்னொரு கியர் வேணும்"னு சொன்னாங்களாம். மெக்கானிக்கா எனக்கு இந்தக் கடைசி வரிதான் உயிர்.

ஜன்னலோரம் தம்பிக்கு இன்னொரு சின்ன டிப்ஸ். பெட்ரோல் மானியில இருக்கிற பம்ப் படத்துப் பக்கத்துல ஒரு குட்டி முக்கோண அம்பு இருக்கும். எந்தப் பக்கம் பெட்ரோல் மூடி இருக்குன்னு அது காட்டும். ஃபோர்டு கம்பெனியில ஜிம் மொய்லன்னு ஒரு ஊழியர், கம்பெனிக் கார்ல பெட்ரோல் போடப் போய், தப்பான பக்கம் நிறுத்தி, மழையில நனைஞ்சார். திரும்பி வந்து ஈரச் சட்டையோடவே 1986-ல மேலிடத்துக்கு யோசனை எழுதினார். படத்துல குழாய் எந்தப் பக்கம் இருக்குன்னு பார்த்து முடிவு பண்ணாதீங்க, நிறைய பேர் அங்கதான் ஏமாறுறாங்க. அம்புதான் கணக்கு. இதைச் சொல்லி வீட்டம்மாவை அசத்துங்க.

#22 சுண்டெலி
அசத்துறதுக்கு முன்னாடி ஆரஞ்சு வாங்குங்க.

#23 பழைய_ரேடியோ
ஒரு பார்வையாளர் கதையோட நான் ஒதுங்கிக்கிறேன். 1919-ல அமெரிக்க ராணுவ வண்டிகள் வாஷிங்டன்ல இருந்து சான் பிரான்சிஸ்கோ வரைக்கும் போச்சு. பார்வையாளரா ஒட்டிக்கிட்டுப் போன இளம் அதிகாரி ஐசன்ஹோவர். 62 நாள். சேத்துல புதைஞ்சு, பாலம் உடைஞ்சு, மனுஷன் நொந்துட்டார். 1956-ல அதிபரா நாடு முழுக்க நெடுஞ்சாலைக்கான சட்டத்துல கையெழுத்துப் போட்டார். 37 வருஷம் முதுகுவலி ஞாபகம் இருந்திருக்கு.

#24 ஜன்னலோரம்
பத்து நாள் கழிச்சு வர்றேன். போயிட்டுப் பத்திரமாத் திரும்பியாச்சு.

தூங்கலை. ரெண்டு வழியும் கண்ணைத் திறந்து வெச்சிருந்தேன். ஆரஞ்சு எட்டு உரிச்சேன். பிரேக்கை மிதிக்கலை, ஆனா ஒரு தடவை மூச்சை இழுத்துட்டேன், மன்னிச்சுருங்க, அந்த பஸ் ரொம்பப் பக்கத்துல வந்துச்சு. நெரிசல்ல வாயை மூடினேன். ஏழாவது மணி நேரத்துல "இன்னும் எவ்வளவு தூரம்"னு கேட்டாங்க, அஞ்சு நிமிஷத்துல மறுபடி கேட்டாங்க. பேசாமடந்தை அக்கா சொன்னது ஞாபகம் வந்து நிறுத்தச் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் இல்லை"ன்னாங்க. எனக்குக் கால் வலிக்குதுன்னு பொய் சொன்னேன். நிறுத்தினாங்க. காபி குடிச்சாங்க, சீட்டைச் சாய்ச்சாங்க, ரெண்டு நிமிஷத்துல குறட்டை. நான் வெளிய நின்னு வண்டிக்குக் காவல் இருந்தேன். இருபது நிமிஷம் நாற்பது ஆச்சு, எழுப்பலை.

பெட்ரோல் போடப் போனப்ப, பட்டறைக்காரன் அண்ணன் சொன்ன அம்பைப் பெருமையாச் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். "அம்பு வலது பக்கம் காட்டுது பாரு"ன்னேன். "அது தெரியும்ப்பா, நீ இறங்கி மூடியைத் திற"ன்னாங்க. பத்து வருஷமா தெரியுமாம்.

#25 வாந்திப்பை
மூடியைத் திறந்தீங்களா?

#26 ஜன்னலோரம்
திறக்கத் தெரியலை. உள்ள ஒரு நெம்புகோல் இருக்காமே.

#27 பட்டறைக்காரன்
ஓட்டுநர் சீட்டுக்குக் கீழ பாருங்க தம்பி.